ராஜாவுக்கு ஒட்டிய அம்பு

எங்கள் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் இப்போது டேமேஜ் பீஸ் மேல் அம்பு ஒட்டுவதற்குப் பெயர் பட்டாபிஷேகம். "அக்கா, இந்தப் பீஸுக்கு ரெண்டு எடத்துல பட்டாபிஷேகமுங்க" என்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பழையவர்கள், "மேரியக்காவைக் கேளு" என்று என் பக்கம் கைகாட்டி விடுகிறார்கள். நான் ரிட்டயர் ஆகி ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பேராவது போன் போட்டு, "ஏனுங்க்கா, ராஜாவுக்கு அம்பு ஒட்டுனது நீங்கதானுங்களா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டால் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தெற்கத்திக்காரி. கல்யாணமான இரண்டாவது மாதம் கணவரோடு திருப்பூருக்கு வந்து மண்ணரை என்கிற பகுதியில் ஒற்றை அறையில் அடுப்பு வைத்தேன். முதல் வருடம் கைமடி வேலை; டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை மடித்து அடுக்குவது. அடுத்த வருடம் பிசிறு வெட்டினேன். மூன்றாவது வருடம் செக்கிங் டேபிளில் நிறுத்தினார்கள். என் படிப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த டேபிளை விட்டு நகரவில்லை. கடைசிப் பத்து வருடம் அந்த டேபிளுக்கே இன்சார்ஜ்.

அம்பு என்றால் வில்லில் வைக்கிற அம்பு இல்லை. விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அம்பு வடிவத்தில் வெட்டி ரோலாக வரும். பனியனில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டுப்போன இடமோ கண்ணில் பட்டால், முனை அந்தக் குறையைப் பார்க்கும்படி அதை ஒட்டவேண்டும். அந்தப் பீஸ் ஆல்ட்ரேஷனுக்குப் போகும். சரிசெய்து திரும்பி வந்ததும், ஒட்டினவளே மறுபடி பார்த்து, ஒட்டினவளே உரிக்கவேண்டும். ஒருத்தி ஒட்டியதை இன்னொருத்தி தொடக்கூடாது. இது எங்கள் மேனேஜர் ரத்தினசாமி சார் போட்ட சட்டம்.

பீஸ் பார்ப்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. கழுத்தில் ஆரம்பித்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று இறங்கி, மறுபக்கம் ஏறிக் கழுத்துக்கே வந்து சேரவேண்டும். பிறகு முதுகு. பிறகு உள்பக்கம் புரட்டி மறுபடி அதே சுற்று. நடுவில் யார் கூப்பிட்டாலும் நிமிரக்கூடாது; நிமிர்ந்தால் மறுபடி கழுத்திலிருந்து. எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது கையிலிருந்த பீஸைக் கழுத்துவரை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று செக்‌ஷனில் ஒரு கதை உண்டு. சுத்தப் பொய். அடி மடிப்பிலேயே போட்டுவிட்டு ஓடினேன். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மிச்சத்தை யார் பார்த்தார்களோ என்று கவலைப்பட்டது உண்மை.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். அம்பின் வால் மூலையைக் கொஞ்சம் மடித்து ஒட்டுவேன். உரிக்கும்போது நகத்துக்கு வாகாக இருக்கும். தட்டையாக ஒட்டிய அம்பை உரிப்பதற்குள் நகம் பிய்ந்துவிடும். மடித்த மூலை பக்கத்துப் பீஸில் மாட்டி அம்பு உதிர்ந்துவிடும் என்று சார் முப்பது வருடம் சொன்னார். நானும் முப்பது வருடம் மடித்தேன். மூலை மடிந்த அம்பைப் பார்த்தால் அது மேரி ஒட்டியது என்று செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும்.

சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பொங்கலூர்க்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு ரோல் அம்பு. கோபம் வந்தால் கத்துகிற மேனேஜர்களை எனக்குத் தெரியும், அவர்களைச் சமாளித்துவிடலாம். சாருக்குக் கோபம் வந்தால் மரியாதை வரும். சாதாரண நாளில் நாங்கள் எல்லோரும் கண்ணு. கொஞ்சம் வருத்தம் என்றால் அம்மிணி. நிஜமாகவே கோபம் என்றால் மேடம். அதற்கு மேல் ஒன்று உண்டு: நாற்காலி.

சாந்தி கதையைச் சொன்னால் புரியும். ஒரு தடவை சாந்தி குழந்தைச் சட்டை ஒன்றில் அம்பை உரிக்க மறந்துவிட்டாள். அது கப்பலேறிப் போய்விட்டது. வாங்கினவர்கள் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். யார் செய்தது என்று சார் கேட்கவே இல்லை. அவர் கேட்கமாட்டார், செய்தவர் வாயால் வரும்வரை காத்திருப்பார். மறுநாள் காலை, "வாங்க மேடம், சாப்டீங்களாங்க?" என்று சாந்தியை வரவேற்றார். அடுத்த நாள் தன் நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டார். மூன்றாம் நாள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நான்காம் நாள் டீயை அவரே கையில் ஏந்திக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் சாந்தி, "நாந்தானுங்க சார், நாந்தானுங்க!" என்று ஓவென்று அழுதுவிட்டாள்.

"செரி கண்ணு, போய் வேலையப் பாரு" என்றார் சார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருடம் ஒரு சினிமாக் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. வந்தவர் காஸ்ட்யூம் டிசைனர். முடியைக் கொண்டை போட்டுக்கொண்ட ஒரு சென்னைத் தம்பி. ராஜா காலத்துப் படம், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதை, ராஜாவுக்கும் முந்நூறு வீரர்களுக்கும் அங்கி வேண்டும் என்றார்.

"ராஜா படம் முழுக்க டான்ஸ் ஆடுவாரு சார். பட்டுத் துணி போட்டா முதல் பாட்டுலயே கிழிஞ்சிடும். நல்லா இழுத்துக் குடுக்கிற பனியன் துணிதான் வேணும்."

"ஆயிரம் வருசத்துக்கு முன்னால லைக்ரா இருந்துச்சுங்களா தம்பி?" என்று கேட்டார் சார்.

"எங்க படத்துல இருந்துச்சு சார்."

"செரிங்க" என்றார் சார். வேறு என்ன சொல்ல முடியும்?

ராஜாவுக்கு முதலில் ஒரு சாம்பிள் தைத்தோம். மெரூன் கலர், கழுத்தில் ஜரிகைப் பட்டி, முழங்கால் வரைக்கும் நீளம். நான் கழுத்தில் ஆரம்பித்து இறங்கி ஏறி வந்தேன். இடது நெஞ்சில் ஊசி குத்தி ஒரு சின்ன ஓட்டை. கடுகு அளவுகூட இல்லை. அம்பு ஒட்டினேன், வழக்கம்போல மூலையை மடித்து. சாம்பிளில் ஒட்டுப்போட்டுக் கொடுப்பது கம்பெனிக்கு அழகில்லை என்று சார் புதிதாக இன்னொரு பீஸ் தைக்கச் சொன்னார். அது குறையே இல்லாமல் வந்தது. அதில் யாராவது டீக்கையை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, கவரில் போட்டு என் டிராயருக்குள் பத்திரப்படுத்தினேன். பத்திரப்படுத்துவதுதான் எனக்கு எப்போதுமே வினை.

கொண்டைத் தம்பி மறுநாள் பத்தரை மணிக்கு வந்து நின்றார். சார் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். "ஆன்ட்டி, ஃப்ளைட்டுக்கு டைம் ஆச்சு, சீக்கிரம்" என்று அந்தத் தம்பி குதித்தார். டேபிள் மேலிருந்த மெரூன் பீஸைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூக்குக்கண்ணாடி எடுக்க டிராயரைத் திறந்தால், ராஜா குறையில்லாமல் உள்ளே படுத்திருக்கிறார். ஓட்டையும் அம்புமாகப் போன ராஜா அந்நேரம் வானத்தில் இருந்திருப்பார்.

அம்போடு ஒரு பீஸ் வெளியே போய்விட்டது. அதுவும் என் அம்பு. சார் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வந்தவர், "சாம்பிள் போயிருச்சா கண்ணு?" என்றார். "போயிருச்சு சார்" என்றேன். அதுவும் பொய் இல்லையே! மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் நல்ல பீஸின் கவர் மேல் 'ஓட்டைப் பீஸ்' என்று எழுதி, பழைய சாம்பிள் வைக்கிற பீரோவுக்குள் தள்ளிவிட்டேன்.

மூன்று நாள் பச்சைத்தண்ணி இறங்கவில்லை. நான்காம் நாள் சென்னையிலிருந்து போன். நான்தான் எடுத்தேன்.

"பிரமாதம் ஆன்ட்டி! டைரக்டர் எழுந்து நின்னு கை தட்டினாரு. முக்கியமா அந்த ஒரு டச்! யாரோட ஐடியா அது?"

கழுத்தில் வைத்த ஜரிகைப் பட்டியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எல்லாரும் சேந்து செஞ்சதுதான் தம்பி" என்று அடக்கமாகச் சொன்னேன்.

"அதை நாங்களே பெருசா டெவலப் பண்ணிக்கிறோம். நீங்க முந்நூறு பீஸையும் பிளெயினா அனுப்புங்க."

அப்பாடா என்றிருந்தது. அம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உரித்து எறிந்திருப்பார்கள். தப்பித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து சார் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ரிட்டயர் ஆகப்போகிறவளுக்குத் தருகிற மரியாதை என்று நினைத்தேன். ஒருநாள் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். என் முட்டிவலி மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போய் உட்கார்ந்தேன். ஃபேனும் என் பக்கம் திரும்பியது. இத்தனைக்கும் சாந்தி கதையை நூறு பேருக்காவது சொன்னவள் நான். நம் தலைக்கு வரும்போது நமக்குத் தெரிவதில்லை.

ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டு, கண்ணாடி ஷீல்டு ஒன்று கொடுத்தார்கள். 'முப்பது ஆண்டுகளில் ஒரு அம்பும் வெளியே போனதில்லை' என்று அதில் பொறித்திருந்தது. வாசகம் சார் எழுதியது. கையில் கொடுக்கும்போது மைக்கிலேயே கேட்டார்: "வாசகம் செரியா இருக்குதுங்களா மேடம்? தப்பிருந்தாச் சொல்லுங்க, மாத்தி எழுதிக்கலாமுங்க."

எதிரே இருநூறு பேர், என் வீட்டுக்காரர், பேத்தி. "சரியா இருக்கு சார்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சாரும் தட்டினார், மெதுவாக. ஷீல்டு வீட்டில் டிவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. நாலு மாதம் கழித்து சாரும் வேலையை விட்டுப் பொங்கலூரில் தென்னந்தோப்போடு செட்டிலாகிவிட்டார்.

போன மாதம் படம் வந்தது. நாம் தைத்த துணி திரையில் வருகிறது என்று முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ முழுவதையும் எங்களுக்காகவே பிடித்துவிட்டார். டெய்லர், கட்டிங் மாஸ்டர், அயர்ன்காரர், பாக்கிங்கில் இருக்கிற வடக்கத்திப் பிள்ளைகள் என்று தியேட்டர் நிறையப் பனியன்காரர்கள். பழையவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து சீட்டைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, "உக்காருங்க மேடம்" என்றார். உட்கார்ந்தேன்.

என்ன படம் என்கிறீர்கள்! சரித்திரம் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் எட்டாவது, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த நாட்டில் யாரும் பேசுவதே இல்லை, பாடுகிறார்கள். திருடனைப் பிடித்து வருகிற காவலன் பாடுகிறான். திருடனும் அதே மெட்டில் பதில் பாடுகிறான். தீர்ப்பு சொல்கிற நீதிபதி மட்டும் கொஞ்சம் சுருதி விலகுகிறார். அரண்மனையில் விளக்குக்கு எண்ணெய்தான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. நாலு குதிரை அதை இழுக்கின்றன. ராணி யானை மேல் நின்று தவில் வாசிக்கிறாள். ஒற்றன் கையில் கிளி. அது சேதியை ராகம் போட்டுப் பாடிக்காட்டும். போர் என்றால் இரண்டு படையும் எதிரெதிரே நின்று ஆடவேண்டும், தாளம் தப்பிய படை தோற்றது. கேட்டாலே எவ்வளவு நன்றாக இருக்கிறது! நிஜமாகவே இப்படி ஒரு காலம் இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு ஏக்கமே வந்துவிட்டது. என் கால் தானாகத் தாளம் போட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன், சாரின் கட்டைவிரலும் ஆடிக்கொண்டிருந்தது.

பனியன்காரர்கள் சும்மா படம் பார்ப்பார்களா? "அந்தத் தளபதிக்குப் பக்கத் தையல் முறுக்குது பாருங்க!" என்று ஒரு குரல். "மூணாவது வரிசை வீரனுக்கு ஷேடு வேற!" என்று இன்னொரு குரல். எதிரி ராஜாவின் பாட்டில் எல்லோரும் அவன் அடி மடிப்பைத்தான் பார்த்தோம்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் பட்டாபிஷேகக் காட்சி. ராஜா சால்வை போர்த்திக்கொண்டு படியேறுகிறார். ஆயிரம் பேர் மண்டியிடுகிறார்கள். இசை நிற்கிறது. கோட்டை மதிலிலிருந்து நாலு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைக்கொடி சரசரவென்று இறங்கி விரிகிறது. நடுவே, சிவப்பாக, அம்பு. எங்கள் அம்பு. ராஜா சால்வையை விலக்குகிறார். இடது நெஞ்சில் தங்கக்கரை கட்டிய ஒரு சிவப்பு அம்பு.

பால்கனியிலிருந்து சாந்தியின் குரல்: "ஐயோ சாமி! ராஜா ஆல்ட்ரேஷனுக்குப் போறாருங்கோவ்!"

கூரை பறந்தது. கட்டிங் மாஸ்டர் சீட்டிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தார். திரையில் ராஜகுரு கண்ணீர் மல்க, இது நம் குலத்தின் புனிதச் சின்னம் என்று பாடுகிறார். வானத்து நெசவுக்காரி முதல் ராஜாவுக்குக் கவசம் பின்னும்போது ஒரு கண்ணியைத் தவறவிட்டாளாம். தவறிய இடத்தைத் தானே அம்பு வைத்துக் காட்டிவிட்டுப் போனாளாம். அந்த ஓட்டை புனிதமானது, யாரும் தைக்கக்கூடாது என்று கோரஸ் பாடுகிறது. ஓட்டையையும் விடவில்லை பாருங்கள்! தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு அம்பு, கோபுரத்தில் அம்பு, வரிசையாக வருகிற யானைகளின் நெற்றியில் எல்லாம் அம்பு.

"யானைல என்ன டேமேஜுங்க?"

"காது சைஸ் அவுட்டுங்க!"

பாக்கிங் பையன்கள் பக்கமிருந்து, "பூரா லாட் ரிஜெக்ட்!" என்று கூச்சல்.

நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன், கேமரா கொடிக்குக் கிட்டே போகும்வரை. அம்பின் வால் திரை முழுக்க வந்தது. வால் மூலை மடிந்திருந்தது. படக்காரர்கள் அதைக்கூட விடாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள், நாலு மாடி உயரத்துக்கு. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் சார் சிரிக்கவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், ஒரு வருடம் பிந்தி, என் மரமண்டைக்கு எல்லாம் உறைத்தது. மேடம். நாற்காலி. ஃபேன். ஷீல்டு கொடுத்தபோது மைக்கில் கேட்ட கேள்வி. அவருக்கு எப்போதோ தெரியும். என் வாயால் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். நான் சொல்லாமலே மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இடைவேளையில் அவர் எனக்கு டீ வாங்கி வந்தார், அவரே கையில் ஏந்திக்கொண்டு.

"படம் ரொம்ப நல்லா இருக்குதுங்க மேடம்" என்றார். "கொடில மூலைய மடிச்சிருக்காங்க பாத்தீங்களாங்க? அப்பிடி மடிச்சா உதுந்துருமுன்னு நான் சொல்லீட்டே இருந்தேனுங்க. யானை நெத்திலகூட உதுரலீங்களே. நாந்தான் தப்பாச் சொல்லீட்டேனாட்ட இருக்குதுங்க."

இத்தனை 'ங்க'வை ஒரே மூச்சில் நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

"சார், அது நான் ஒட்டுனது. நல்ல பீஸை டிராயர்ல வச்சிட்டு ஓட்டைப் பீஸைக் குடுத்திட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஷீல்டு வாங்கும்போதாவது சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் சார். நாளைக்கே ஷீல்டைக் கொண்டாந்து குடுத்திருதேன்."

சார் தன் டீயை முழுதாகக் குடித்து முடித்தார்.

"பீரோவுல ஒரு கவர் மேல ஓட்டைப் பீஸுன்னு எழுதியிருந்துச்சு. எடுத்துக் கழுத்துல ஆரம்பிச்சு நாலு சுத்து பாத்தேன். ஓட்டையக் காணோம்" என்றார். பிறகு, "மணி அடிச்சுட்டாங்க. படத்தப் பாக்கலாம்" என்று உள்ளே நடந்தார்.

மேடம் போயிருந்தது, கண்ணு வரவில்லை. மன்னித்தாரா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் பாதிக்குப் போய் உட்கார்ந்தேன். முப்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்த மனுஷரிடம் நல்ல பேரை இழந்துவிட்டோமே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் படம் சும்மா இருக்க விடவில்லை. எதிரி ராஜாவின் கிளி அரண்மனைக்குள் நுழைந்து புனித ஓட்டையின் ரகசியத்தைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு பறக்கிறது. கடைசிப் போர். இரண்டு படையும் ஆடுகின்றன. நம் ராஜா சுழன்று சுழன்று ஆடுகிறார். எதிரி தன் கைத்தடிக்குள் ஈட்டியை ஒளித்துக்கொண்டு பக்கத்தில் ஆடிக்கொண்டே வருகிறான். குறி எங்கே என்று அவன் தேடவே தேவையில்லை. ராஜா நெஞ்சில் சிவப்பாக அம்பே காட்டுகிறது.

சாருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. திடீரென்று சீட்டைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருடத்தில் குரல் உயர்த்தாத மனுஷர் திரையைப் பார்த்துக் கத்தினார்:

"அங்கதான்டா ஓட்டை இருக்குது! ஒட்டித்தான் காட்டியிருக்குதே, ஒருத்தனும் பாக்க மாட்டீங்களாடா? எடுத்துத் தைச்சு உடுங்கடா!"

செக்‌ஷன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு 'ங்க' இல்லை! அவர் யாரையும் கவனிக்கவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கண்ணு, பாரு கண்ணு, குத்தப்போறான் பாரு! நீ ஒட்டுன எடத்துலயே குத்தப்போறான் கண்ணு!"

ஈட்டி பாய்ந்தது. ராஜா சாய்ந்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். முன்சீட்டில் இருந்த பிள்ளை திரும்பி, "அழுவாதீங்க்கா, படந்தானுங்க" என்று தேற்றியது. ராஜாவுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டது. கொஞ்சம் ராஜாவுக்காகவும்தான்.

பிறகு ராணி யானையிலிருந்து குதித்து வந்து, ஊசியும் தங்க நூலுமாக ராஜாவின் கவசத்தில் அந்த ஓட்டையைப் பாடிக்கொண்டே தைக்கிறாள். கடைசித் தையல் விழுந்ததும் ராஜா கண் திறக்கிறார். தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. "ஆல்ட்ரேஷன் ஓகே!" என்று சாந்தி கத்தினாள். ராஜாவும் ராணியும் கைகோத்து ஆடுகிறார்கள், எதிரிப் படையும் சேர்ந்து ஆடுகிறது, கிளியும் ஆடுகிறது. ஆனால் அம்பு? நெஞ்சில் அப்படியே இருக்கிறது! தைத்து முடித்த பிறகும் அம்பு இருக்கிறது! செக்கிங் பெண்கள் பொறுக்க மாட்டாமல், "உரிங்க! அம்ப உரிங்க!" என்று கத்தினார்கள். ராணி உரிக்கவில்லை. பேர் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்பிடியே பாக்கிங்குக்கு அனுப்பீட்டாங்க பாரு கண்ணு" என்றார் சார், மனசு ஆறாமல்.

கொண்டைத் தம்பி ஏதோ ஒரு பேட்டியில், மாதக்கணக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கிச் சிற்பங்களைப் பார்த்து அந்தச் சின்னத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஃப்ளைட்டுக்கு டைம் ஆகிவிட்டது என்று குதித்த தம்பி எந்தக் கோயிலுக்குப் போனாரோ!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு குலை இளநீரோடு. ஷீல்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் அதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தேன். காப்பி குடித்துவிட்டு, "ஷீல்டு எங்க கண்ணு?" என்றார். நீட்டினேன். தாளைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இடது மேல் மூலையில் ஆரம்பித்து ஒரு சுற்று பார்த்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். ரிட்டயர் ஆன பிறகும் அந்த ரோலை மனுஷர் விடவில்லை. ஒரு அம்பைக் கிழித்து, 'ஒரு அம்பும்' என்ற எழுத்தைப் பார்க்கும்படி ஒட்டி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார். டிவி பக்கத்தில் அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"இப்ப செரியாப் போச்சு. இது ஆல்ட்ரேஷன் பீஸ். இங்கயே இருக்கட்டும்."

"எப்ப சார் உரிப்பீங்க?"

"ஒட்டுனவந்தான் உரிக்கோணும். உனக்குத் தெரியாததா? இந்தப் பக்கம் வாறப்ப பாக்கலாம்."

அவர் பஸ் ஏறிப் போனதும், முப்பது வருடச் சட்டத்தை மீறி, ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு அம்பின் வாலில் நகத்தைப் போட்டுப் பார்த்தேன். மூலையை மடிக்கவில்லை. தட்டையாக, முறைப்படி ஒட்டியிருக்கிறார். இரண்டு நகம் பிய்ந்ததுதான் மிச்சம், அம்பு அசையவில்லை.